ஒன்பது பேர் சரி என்கிறார்கள், மூன்று பேர் மறுக்கிறார்கள்: கையெழுத்து எப்படி வாங்குவது?

தென் சென்னையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 66, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூன்றரை கிரவுண்டு நிலத்தில் 1991இல் கட்டிய கட்டடம். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, தளத்துக்கு நான்கு வீடு. லிஃப்ட் கிடையாது. மேல்மாடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித்தர ஒரு பில்டர் முன்வந்திருக்கிறார். இப்போதைய 850 சதுர அடிக்குப் பதில் 950 சதுர அடி வீடு, லிஃப்ட், கார் நிறுத்த இடம், கட்டி முடிக்கும்வரை மாத வாடகை. மூன்று கூட்டம் நடந்தது. ஒன்பது வீட்டார் சம்மதம் என்கிறார்கள். மூன்று பேர் அசையவில்லை. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் 74 வயது அம்மா ஒருவர், "நான் திரும்பி வருவேனா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்வியைக் கேட்கிறார். முதல் மாடி வீட்டுக்காரர் அமெரிக்காவில், கிழக்குக் கரையில் இருக்கிறார். வீடு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, எந்தக் கூட்டத்துக்கும் ஆன்லைனில்கூட வருவதில்லை. இரண்டாம் மாடியில் ஓர் ஆசிரியர் தம்பதி. 2021இல் கடன் வாங்கி வீடு வாங்கி, உள்ளே பல லட்சம் செலவழித்து வேலை செய்திருக்கிறார்கள். "பேரம் பேசுகிறார்கள்" என்கிறார் நம் வாசகர். பொறுமை இழந்து, "மூன்று பேருடைய சுயநலத்துக்காக ஒன்பது குடும்பம் இடிந்து விழும் கட்டடத்தில் சாக வேண்டுமா?" என்று வீட்டு எண்களோடு வாட்ஸ்அப் குழுவில் எழுதியும்விட்டார். இப்போது படியில் பார்த்தால்கூட யாரும் பேசுவதில்லையாம்.

அவருடைய கேள்விகள் மூன்று. புதிய சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு போதும் என்கிறார்களே, மேலே போகலாமா? மறுப்பவர்களுக்குத் தண்ணீர், பொது மின்சாரம் போன்றவற்றைக் குறைத்து வழிக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் சொல்கிறார்களே, செய்யலாமா? எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் புரிந்துகொள்ளாதவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அன்புள்ள ஐயா,

சம்பளம் இல்லாத இந்த வேலையை ஒன்பது வருஷமாகப் பார்க்கிறீர்கள். மோட்டார் நின்றாலும் உங்களுக்குத்தான் போன், சாக்கடை அடைத்தாலும் உங்களுக்குத்தான் போன். அந்தக் களைப்பு கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் களைப்பில் நீங்கள் செய்துவிட்ட ஒரு காரியமும், செய்ய யோசிக்கும் இன்னொரு காரியமும் உங்களை நேராகக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவை. அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

தண்ணீரை நிறுத்துவது கூடவே கூடாது. மெயின்டனன்ஸ் ஒழுங்காகக் கட்டும் ஒருவருக்கு, அவர் ஒரு திட்டத்துக்குச் சம்மதிக்கவில்லை என்ற காரணத்தால் தண்ணீரைக் குறைக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. குடிநீரை வாழ்வுரிமையின் ஒரு பகுதியாகவே, அதாவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவின் கீழ் வருவதாகவே, நம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தனியாக இருக்கும் 74 வயது அம்மா ஒருவர் காலிக் குடத்தோடு நீதிபதி முன்னால் நின்றால், உங்கள் திட்டம் எவ்வளவு நல்லது என்பதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது. யோசனை சொன்ன "சிலர்" அன்றைக்கு உங்களோடு வரமாட்டார்கள். மனுவில் செயலாளர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும்.

செய்துவிட்ட காரியம் அந்த வாட்ஸ்அப் செய்தி. வீட்டு எண்ணைப் போட்டுச் சுயநலக்காரர்கள் என்று எழுதுவது அவதூறு என்று புகார் ஆகலாம் (பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு). வழக்காகுமா ஆகாதா என்பது இருக்கட்டும். ஊரறிய ஒருவரைச் சுயநலக்காரர் என்று சொல்லிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் அவரால் மாற முடியாது. இப்போது சரி என்றால் அவ்வளவு நாள் சுயநலக்காரராக இருந்ததை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் அல்லவா? அவர்கள் திரும்பி வரும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். அதே குழுவில், அதே பன்னிரண்டு பேர் பார்க்கும்படி, விளக்கமோ சாக்கோ இல்லாமல் இரண்டு வரியில் வருத்தம் தெரிவியுங்கள். "கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனாலும்..." என்று தொடங்கினால் எழுதாமலே இருப்பது நல்லது.

அந்த ஒன்பது பேர்

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. தீர்மானத்துக்குத் தனியாகச் சம்மதக் கடிதம் வாங்கவில்லை, கூட்டத்துக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தையே சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரு வீட்டிலிருந்து உரிமையாளருக்குப் பதில் அவருடைய மைத்துனர் வந்தார். இன்னொரு வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது, கணவர் மட்டும்தான் கையெழுத்துப் போட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் மூன்றில் இரண்டு என்றால் எட்டு. உங்களிடம் ஒன்பது இருக்கிறது, அதாவது உபரி ஒன்றே ஒன்று. மைத்துனரின் கையெழுத்து செல்லாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் மட்டும் போட்டதும் போதாது. மிச்சம் ஏழு. சட்டம் கேட்கும் எண்ணிக்கையே இன்று உங்களிடம் இல்லை. மூன்று பேரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேட்கும் நீங்கள், உங்கள் பக்கம் இருப்பதாக நினைக்கும் ஒன்பது பேரிடம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசினீர்களா?

கூட்டத்தில் பேசாமல் இருந்தவர்களை நம் ஊரில் ஒத்துக்கொண்டவர்களாகவே கணக்கு வைக்கிறோம். நான் சமரசப் பேச்சுகளில் பார்த்த வரையில், வாய் திறக்காதவர்களில் பாதிப் பேருக்குக் கேள்வி இருக்கும், கேட்கக் கூச்சம். வாடகை எவ்வளவு என்று கேட்டால் பணத்தாசை என்று நினைப்பார்களோ, பில்டரின் பழைய வேலைகளைப் பற்றிக் கேட்டால் செயலாளருக்கு மனவருத்தமாகுமோ என்று இருந்துவிடுவார்கள். ஒப்பந்த வரைவு கைக்கு வந்து, அவருடைய மகன் அதை வாங்கிப் படித்துப் பார்க்கும்போது அந்தக் கேள்வி வெளியே வரும். அப்போது அது கேள்வியாக இருக்காது, மறுப்பாக இருக்கும்.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்?

மறுகட்டுமானம் என்றால் முன்பெல்லாம் எல்லா உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் மறுத்ததால் வருஷக்கணக்கில் நின்றுபோன கட்டடங்கள் சென்னையில் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதத்தோடு மேலே போக வழி இருக்கிறது. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்கிறீர்கள். புதிய சட்டமும் அதன் விதிகளும் கேட்கும் காரியங்கள் முடிந்திருக்கின்றனவா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் பைலோடு போய்க் காட்டுங்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கே இடிக்கலாம் என்று நினைப்பது தவறு. ஒவ்வொருவரின் யூடிஎஸ்ஸும், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கும், அவரவர் பெயரில் பத்திரமான சொத்து. மறுப்பவர் சிவில் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். தடை கிடைக்காமலே போகலாம், ஆனால் வழக்கு எண் விழுந்துவிட்டாலே போதும்: புதிய வீடுகளை வாங்க வருபவருடைய வங்கி தயங்கும், பில்டர் மெல்ல வேறு இடம் பார்ப்பார். அதற்குள் நீங்கள் பாதிப் பேர் காலி செய்துவிட்டிருந்தால் வாடகை யார் தருவது? எண்ணிக்கை உங்களுக்குக் கதவைத் திறந்துவிடும். உள்ளே போய்க் கட்டி முடிக்க மற்ற மூவரும் எதிர்க்காமலாவது இருக்க வேண்டும்.

நல்ல எண்ணம் கொண்ட செயலாளர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். எண்ணிக்கை கிடைத்துவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

மறுக்கும் மூவர்

மூவரிடமும் எவ்வளவோ பேசியதாக எழுதுகிறீர்கள். நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மொத்தமே ஐந்து வரி.

அந்த அம்மாவின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "நான் திரும்பி வருவேனா?" அவர் இதைக் கேட்டபோது யாரோ சிரித்தார்கள், நீங்கள் "கண்டிப்பா வருவீங்கம்மா, முப்பது மாசம்தான்" என்று சமாதானம் சொன்னீர்கள். ஒரே கேள்வியை ஒருவர் மூன்று கூட்டத்திலும் கேட்டால், அவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று பொருள். இதைப் பிடிவாதம் என்றோ, யாரோ சொல்லிக்கொடுத்து ஆடுகிறார் என்றோ எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

அந்தக் கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்வி இருக்கிறது. தனியாக இருக்கும் 74 வயதுப் பெண்ணுக்கு இந்த ஊரில் யார் வீடு வாடகைக்குத் தருவார்கள்? அதற்கான அட்வான்ஸ் யாருடைய பணம்? தரைத்தளத்தைக் கார் நிறுத்தத்துக்கு விட்டுவிட்டால் எனக்கு எந்த மாடி, லிஃப்ட் நின்றுபோனால் என் கதி என்ன? கட்டி முடிப்பதற்குள் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் வீடு யாருக்கு? கடைசிக் கேள்வியை அவர் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டால் பன்னிரண்டு பேரும் "சேச்சே, அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்பார்கள், பேச்சு மாறிவிடும். ஆனால் அதற்கு எழுத்தில் விடை உண்டு. ஒப்பந்தத்தில் அவருடைய வாரிசுகளுக்கு அதே வீடு, அதே அளவு, அதே தளம் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். அவர் விருப்பப்பட்டால் உயில் எழுதிப் பதிவு செய்யவும் உதவலாம். வீடு தேடித்தரும் பொறுப்பையும் அட்வான்ஸையும் பில்டர் ஏற்க வேண்டும், அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில். அவருடைய டாக்டர், கோயில், வேலைக்கு வரும் பெண், மருந்துக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பதால்தான் அவர் தனியாக வாழ முடிகிறது. இதெல்லாம் பில்டருக்குப் பெரிய செலவே இல்லை. இதுவரை யாரும் கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் ஒப்பந்தத்தைப் படித்து விளக்க ஒரு வழக்கறிஞர் கிடைப்பார். இதை நீங்களே போய் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். "எனக்கு எதிராக வக்கீல் வைக்க நானே வழி சொல்வதா?" என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். தன்னை ஏமாற்ற நினைப்பவர் வக்கீலிடம் போகச் சொல்லமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இருப்பவரைப் பற்றி "மதிப்பே இல்லாதவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூட்டம் ஞாயிறு காலை பத்தரைக்கு. அப்போது கிழக்குக் கரையில் கோடை மாதங்களில் இரவு ஒரு மணி. மனுஷன் தூங்கத்தான் செய்வார்! மாலை ஏழு மணிக்கு வைத்துப் பாருங்கள், அவருக்குக் காலை ஒன்பதரை. அவருடைய பயம் அனேகமாகத் தூரத்திலிருப்பவரின் பயமாக இருக்கும்: நான் அங்கே இல்லாதபோது யாரோ எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பவர், அதாவது தனக்குப் பதில் இங்கே கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், கொடுப்பதாக இருந்தால், வில்லங்கமில்லாமல் கொடுக்க வழிமுறை உண்டு. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றொப்பம் செய்து அனுப்பலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எதற்கெல்லாம் பவர், எதற்கு இல்லை என்பதை வரையறுத்து எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்குமான பொதுப் பவர் கேட்டால் தயங்குவது அவருடைய புத்திசாலித்தனம்.

ஆசிரியர் தம்பதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரம் பேசுவது குற்றமில்லை. கடன் பாக்கி இருப்பதால் அவர்களுடைய மூலப்பத்திரம் வங்கியில் அடமானமாக இருக்கும். வங்கியின் தடையின்மைச் சான்று இல்லாமல் அவர்கள் நினைத்தாலும் கையெழுத்துப் போட முடியாது. வங்கியில் இருந்தவர் நீங்கள், இதை அவர்களுக்காக எளிதாக்கித் தரக்கூடியவரும் நீங்கள்தான். உள்வேலைக்குச் செலவழித்ததற்கு ஏதாவது ஈடு கேட்கிறார்கள் என்றால் கொடுப்பதா வேண்டாமா என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். உதாரணமாக, ஐந்து வருஷத்துக்குள் செய்த உள்வேலைக்கு ரசீதின் பேரில் இவ்வளவு சதவீதம் என்று பன்னிரண்டு வீட்டுக்கும் பொருந்தும் ஒரு விதியாக இருக்கட்டும். பில்டர் அவர்களோடு மட்டும் தனியே உட்கார்ந்து ஒரு தொகையை முடித்தார் என்றால் ஒரு வாரத்தில் அது கசியும். அன்றைக்கு உங்கள் ஒன்பது பேரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இனி உங்கள் பக்கம்

இது கொஞ்சம் கசக்கலாம். பில்டரை அறிமுகப்படுத்தியது உங்கள் மாப்பிள்ளை, அவர்கள் ஒன்றாகப் படித்தவர்கள் என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு பைசா வாங்கவில்லை என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். இதைச் சங்கத்தில் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால், அடுத்த கூட்டத்தின் முதல் பேச்சு இதுவாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் சொன்னால் அது தகவல், பிறர் கண்டுபிடித்தால் ஊழல். கூடவே, வேறு இரண்டு பில்டர்களிடமும் விலைப்புள்ளி வாங்க ஒரு சின்னக் குழு போடுங்கள். அந்தக் குழுவில் நீங்கள் வேண்டாம். மறுக்கும் மூவரில் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

"எந்த நேரமும் இடிந்து விழும்" என்று சொல்லி வருகிறீர்களே, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யாராவது எழுதிக் கொடுத்தாரா? காரை பெயர்ந்து கம்பி தெரிவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். துருப்பிடித்த கம்பி பருத்து மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். ஆனால் அது பழுதுபார்க்கக்கூடிய அளவிலா, கைமீறிப் போய்விட்டதா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்து ஆய்வு செய்யுங்கள். அறிக்கை உங்களுக்கு எதிராகவும் வரலாம், பழுதுபார்த்தால் இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்று சொல்லலாம். வந்தால் அதையும் மேசைமேல் வைக்கத் தயாராக இருக்கிறீர்களா?

இதற்கு உங்கள் மனதில் வரும் நேர்மையான பதில்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பேச்சுவார்த்தைக்கு வேண்டிய குணம் எது என்று கேட்டால் பலரும் பொறுமை, இனிமையாகப் பேசுவது என்பார்கள். இனிமையாகப் பேசி, எதையும் காதில் வாங்காமல் எழுந்துபோகும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக இருந்தால் என் முடிவு மாறும் என்ற எண்ணத்தோடு உட்காருவதுதான் முக்கியம். அது இருக்கிறதா இல்லையா என்பதை எதிரில் இருப்பவர்கள் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு வந்து "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பவரிடம் யாரும் கருத்துச் சொல்வதில்லை.

நீங்கள் வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்தவர். விண்ணப்பதாரர் கேட்கும் தொகையை மட்டும் பார்க்கமாட்டீர்கள், எதற்காகக் கேட்கிறார் என்று விசாரிப்பீர்கள். அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். "வேண்டாம்" என்பது அவர் கேட்கும் தொகை. எதற்காக வேண்டாம் என்பது தனியாக இருக்கிறது.

அடுத்த சுற்றை இப்படி நடத்திப் பாருங்கள்

பொதுக்கூட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள், சம்மதித்தவர்கள் வீட்டுக்கும். திட்டத்தின் படத்தையோ பில்டரின் புத்தகத்தையோ எடுத்துப் போகவேண்டாம். ஒரு நோட்டு மட்டும் போதும். "இது நடந்தால் உங்களுக்கு எது கஷ்டம், நடக்காவிட்டால் எது கஷ்டம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இடையில் பதில் சொல்லத் துடிக்கும். சொல்லாதீர்கள். கிளம்புவதற்கு முன், அவர் சொன்னதை நீங்கள் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேளுங்கள். அவர் "ஆமா, அதான்" என்றால் அடுத்த வீடு. மறுப்பவர்களிடம், முக்கியமாக அந்த அம்மாவிடம், உங்கள் மனைவியும் கூட வருவது நல்லது.

கூட்டத்தில் கைதூக்கச் சொல்லாதீர்கள். சம்மதமா இல்லையா என்று இரண்டே பதில் கேட்டால் நடுவில் இருப்பவர்களெல்லாம் ஏதோ ஒரு பக்கம் ஒதுங்க வேண்டியிருக்கும். நான்கு பதில் வையுங்கள்: "முழுச் சம்மதம்", "இந்த நிபந்தனையோடு சம்மதம்", "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கமாட்டேன்", "ஒத்துக்கொள்ள முடியாது". ஒருமித்த முடிவு என்றால் எல்லோரும் கைதட்டி வரவேற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்போல் தெரிகிறது. அப்படி ஒரு முடிவு பன்னிரண்டு குடும்பத்தில் வரவே வராது. மூன்றாவது பதிலைச் சொல்பவர்களும் சேர்ந்ததுதான் ஒருமித்த முடிவு. அந்தப் பதிலை மரியாதையோடு சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். நான்காவது பதில் சொல்பவரிடம், "எது மாறினால் மூன்றாவதுக்கு வருவீர்கள்?" என்று கேளுங்கள்.

நிபந்தனைகளை மினிட்ஸில் அவரவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "உறுப்பினர்கள் சில ஐயங்களை எழுப்பினர், செயலாளர் விளக்கமளித்தார்" என்ற வழக்கமான வரி வேண்டாம். ஐயம் எழுப்பியவருக்கு அந்த வரியைவிட எரிச்சல் தருவது வேறில்லை. அன்றே சம்மதக் கடிதம் நீட்டாதீர்கள். வரைவு ஒப்பந்தத்தை எல்லோருக்கும் கொடுத்து, பிள்ளைகளிடமோ வக்கீலிடமோ காட்ட ஒரு மாதமாவது அவகாசம் விடுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு, பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோரிடமும், தனித்தாளில்.

பில்டரிடம் கேட்க வேண்டியவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாத சில உண்டு. திட்டம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான பதிவுக்கு வரும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் விற்பனைக்கு வீடு கட்டினால் பதிவு கட்டாயம், உங்கள் நிலம் அதைத் தாண்டுகிறது. பதிவான திட்டத்தில் வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில், அந்தக் கட்டடத்துக்கே செலவாக வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் சரிசெய்து தருவது பில்டரின் பொறுப்பு. தாமதமானால் வாடகை தொடர்ந்து வர வேண்டும், அதற்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். "நான் திரும்பி வருவேனா?" என்ற கேள்வி அந்த அம்மாவுக்கு மட்டும் உரியதில்லை. ஒன்பது பேரும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால்?

வராமல் போகலாம். எல்லாக் காரணமும் தீர்ந்த பிறகும் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வீட்டிலேயே கண்ணை மூட வேண்டும் என்று அந்த அம்மா சொன்னால் அதற்கு ஒப்பந்தத்தில் பத்தி எழுத முடியாது. அப்போது மூன்று வழி உண்டு. ஒன்று, நடுவர் ஒருவரை வைத்துப் பேசுவது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இருக்கிறது. நீதிமன்றத்தோடு இணைந்து இந்தியாவில் தொடங்கிய முதல் மையம் அது. வழக்குப் போடுவதற்கு முன்பே பேசித் தீர்க்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே பேச்சே நின்றுபோயிருப்பதால், வெளியாள் ஒருவர் வருவது உங்களுக்கே நிம்மதியாக இருக்கும். இரண்டாவது, இன்ஜினியர் அறிக்கை இடம் கொடுத்தால் இப்போதைக்குப் பழுதுபார்த்துவிட்டுச் சில வருஷம் தள்ளிப்போடுவது. எல்லோரும் மட்டமாக நினைக்கும் வழி இது, ஆனால் சில கட்டடங்களுக்கு இதுவே சரி. மூன்றாவது, மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டு மேலே போவது. கட்டடம் உண்மையிலேயே ஆபத்தான நிலையில் இருந்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, எழுதிக்கொடுக்க வேண்டியதையெல்லாம் எழுதிக்கொடுத்த பிறகு அந்த வழியை எடுத்தால் நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். நீதிமன்றமும் அப்போது உங்கள் பைலை வேறு கண்ணோடு பார்க்கும்: மறுத்தவருக்கு என்னென்ன முன்வைத்தார்கள், எத்தனை முறை, எந்தத் தேதியில் என்று எல்லாம் அதில் இருக்கும்.

இப்போதைய நிலையில் அந்த பைலில் இருப்பது ஒரு வருகைப் பதிவேடும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும். பில்டர் அடுத்த மாதத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஆறு மாதம் கேளுங்கள். நிலம் எங்கேயும் போகாது. அவர் தரமாட்டேன் என்றால் மற்ற இரண்டு விலைப்புள்ளிகளுக்காகக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒப்பந்த வரைவு எப்போது வந்தாலும் சங்கம் தன் செலவில் அமர்த்தும் வழக்கறிஞர் அதைப் படிக்கட்டும். பில்டரே ஏற்பாடு செய்துதரும் வழக்கறிஞர் வேண்டாம்.